ஒரு கை குறையுது

எங்கள் அடுக்ககத்தில் என் வீடு இரண்டாவது மாடி. என் கூடத்துக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். 2009இல் நாங்கள் நங்கநல்லூருக்குக் குடிவந்த நாளிலிருந்தே சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். நாலு நாற்காலி. அப்புறம் இரண்டரை மணி நேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. ஆறு மணிக்கு மறுபடி நாலு நாற்காலி. "டீச்சர் டியூஷன் எடுக்கிறாங்க போல" என்பார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணவர் 2017இல் தவறிவிட்டார். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். அவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு. மகள் டொராண்டோவில். மேலே நாற்காலிச் சத்தமும் நின்றுபோனது.

நான் வேலைக்குச் சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. 1985, நாகர்கோவில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதமாக கால் புக் செய்வார்கள். காதில் ஹெட்செட், எதிரே போர்டு, கையில் கயிறு. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான குரல்களைக் கேட்டவள் நான். அப்படிப்பட்டவள், 2020இலும் 21இலும் சில நாட்களில் ராத்திரி படுக்கும்போது யோசித்துப் பார்ப்பேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து சொன்னது "ரெண்டு பாக்கெட் போதும்" என்று பால்காரரிடம் சொன்ன மூன்று சொல்தான். மகள் வீடியோவில் வருவாள். "நல்லா இருக்கேன்" என்பேன். அதோடு சேர்த்தால் ஐந்து.

2022 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. வெளியே டீச்சர். அப்போதே அவருக்கு 78 வயது. படி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு கை குறையுது. வர்றீங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலுக்கு உதவி கேட்கிறாரோ என்று நினைத்து, "என்ன டீச்சர் செய்யணும்?" என்றேன்.

"உக்காரணும். அவ்வளவுதான். மீதிய நான் சொல்லித் தர்றேன்."

இத்தனை வருடம் மேலே நடந்தது டியூஷன் இல்லை, சீட்டாட்டம். பிரிட்ஜ். அவர்களோடு ஆடிவந்த டாக்டரம்மா மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதால் மூன்று பேர் மிச்சம். பிரிட்ஜை மூன்று பேர் ஆட முடியாது. ரம்மிக்கு மூன்று பேர் வந்தாலும் சரி, ஆறு பேர் வந்தாலும் சரி, ஆட்டம் நடக்கும். பிரிட்ஜுக்கு நாலு பேர், மிகச் சரியாக நாலு பேர். ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்க்கலாம். மூன்றே பேர் என்றால் நாற்காலியைத் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சீட்டு என்றதும் எனக்குக் கால் தயங்கியது. நான் பிறந்தது தக்கலைப் பக்கம். அங்கே இருபத்தெட்டு ஆடுவார்கள். தாத்தா வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை ஜமா கூடும். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று கூட்டினால் ஒரு சின்னத்துக்கு ஏழு, நாலு சின்னத்துக்கு இருபத்தெட்டு. அதுதான் ஆட்டத்தின் பெயர். ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, தாத்தா கையில் இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டே, கவிழ்த்தது ஆட்டினா கிளாவரா என்று மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தெரியாத்தனமாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சரியாக இருந்தது. அதனாலேயே அடி விழுந்தது. "பொட்டப்பிள்ளைக்குச் சீட்டுப் பக்கம் என்ன சோலி?" என்றார் தாத்தா. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பிறகு நான் சீட்டைத் தொட்டது டீச்சர் வீட்டில்தான், 59 வயதில்.

சென்னைக்கு வந்த பிறகும் சீட்டு என்றால் காசு, காசு என்றால் கடன் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. நான் ஆடப் போகிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2025இல் மத்திய அரசே காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: மூணு சீட்டும் பிரிட்ஜும் ஒன்றில்லை. 1967இல் உச்ச நீதிமன்றம் ஒரு ரம்மி வழக்கில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும். ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டு பங்கிடும்போது இருக்கிற அதிர்ஷ்டம் போன்றதுதான் என்றது அந்தத் தீர்ப்பு. பிரிட்ஜை அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் இன்றுவரை ஒரு ரூபாய்கூட மாறியதில்லை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

மேசையில் இன்னும் இருவர். ஒருவர் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர், 74 வயது. மற்றவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், 71. அவர்தான் எனக்கு ஜோடி. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. 52 சீட்டு, ஆளுக்கு 13. ஆசுக்கு நாலு புள்ளி, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. கட்டு முழுக்க 40 புள்ளி. கையில் வந்ததை எண்ணிப் பார்த்து, ஏலம். "ஒரு கிளாவர்", "ஒரு ஸ்பேட்", "மூணு நோ ட்ரம்ப்" (துருப்பே இல்லாமல் மூன்று) என்று ஏறிக்கொண்டே போகும். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட, அதை ஜெயிப்பது ஒரு பிடி. கடைசியாகக் கேட்ட ஜோடியில் அந்தச் சின்னத்தையோ நோ ட்ரம்ப்பையோ முதலில் சொன்னவர், கேட்ட எண்ணோடு ஆறைக் கூட்டி அத்தனை பிடி பிடித்துக் காட்ட வேண்டும். அவருடைய ஜோடி சீட்டு முழுவதையும் மேசையில் மலர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். எங்கள் வீட்டு விதிப்படி டம்மிதான் காபி போட வேண்டும். அதனால் இங்கே நாலு பேருக்கும் நாலு பேர் வீட்டு டிகாஷன் பக்குவமும் அத்துப்படி. கர்னல் சார் போடும் காபி கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். தின்பதற்குச் சுண்டல், ஸ்பூனோடு. பஜ்ஜி, வடை எதுவும் கிடையாது. எண்ணெய்க் கை பட்டால் சீட்டு ஒட்டிக்கொள்ளும்.

இடையில் ஒன்று சொல்கிறேன். கிளாவர் என்று நாம் சொல்வது ஆங்கிலம் இல்லை, டச்சுச் சொல். கர்னல் சார் "கிளப்" என்பார், நான் "கிளாவர்" என்பேன். தாத்தா திண்ணையில் கேட்ட சொல்லை நான் மாற்றுவதாக இல்லை. இப்போது டீச்சரும் கிளாவருக்கு வந்துவிட்டார்.

ஏலத்தில் பேச அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் பதினைந்துதான். ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள். நாலு சின்னங்கள், நோ ட்ரம்ப். அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவே. இந்தப் பதினைந்து சொல்லை வைத்துக்கொண்டுதான் உங்கள் 13 சீட்டைப் பற்றி எதிரே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது, யோசிப்பதுபோல் இழுத்துச் சொல்லி ஜாடை காட்டவும் கூடாது. போட்டிகளில் வாயால்கூடச் சொல்வதில்லை, அச்சடித்த அட்டையை எடுத்து வைப்பார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பழைய எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்துவிட்டது. டிரங்க் காலில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காசு ஏறும். அந்த மூன்று நிமிடத்துக்குள் கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி, பணம் அனுப்பு, உடனே புறப்பட்டு வா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் சொல்லில் நிறையச் சொல்வது எனக்குப் புதிதில்லை. முதல் நாளே ரயில்வே சார் எனக்கு "ஆபரேட்டரம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்.

ஆனால் ஆட்டம் லேசில் பிடிபடவில்லை. முதல் மூன்று மாதம் தலைவலியோடுதான் படி இறங்கினேன். கையில் ஸ்பேட் இருக்கும்போதே இல்லை என்று நினைத்து துருப்பால் வெட்டிவிடுவேன். அதற்கு ரிவோக் என்று பெயர், தண்டனை உண்டு. எதிராளி கையில் எத்தனை டைமன் மிச்சம் என்று எண்ணப் போய், நடுவில் ராஜா விழுந்துவிட்டதா இல்லையா என்பது மறந்துவிடும். டீச்சர் திட்ட மாட்டார். "பதிமூணுக்கு மேல எண்ண வேண்டியதில்லை. முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் நம்பர் ஞாபகம் வெச்ச ஆளுக்கு இது எம்மாத்திரம்?" என்பார்.

நாலாவது மாதத்தில் ஒரு ஆட்டம். அது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நான் மூன்று நோ ட்ரம்ப் ஆடுகிறேன். ஒன்பது பிடி வேண்டும். எட்டு கைவசம் இருக்கிறது. ஒன்பதாவது டைமனில்தான் வர வேண்டும். டம்மியில் ஆசும் பத்தும், என் கையில் ராஜாவும் ஜாக்கியும். நடுவில் ராணி இல்லை. அது எனக்கு இடப்புறம் இருக்கும் கர்னல் சாரிடம் இருக்கிறதா, வலப்புறம் இருக்கும் டீச்சரிடம் இருக்கிறதா என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். தப்பாக ஊகித்தால் போயிற்று.

வழக்கமாக நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏதோ ஒரு பக்கம் ஆடிவிடுவேன். அன்று ஏனோ நிறுத்தினேன். இதுவரை கர்னல் சார் என்னென்ன இறக்கியிருக்கிறார்? ஸ்பேட் ஆசு, ஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா, கிளாவர் ஜாக்கி. நாலு, மூன்று, மூன்று, ஒன்று. ஆக 11 புள்ளி. சீட்டைப் பங்கிட்டதும் அவர்தான், ஆகவே முதலில் வாய் திறந்ததும் அவர்தான். என்ன சொன்னார்? பாஸ். டைமன் ராணியும் அவரிடம் இருந்திருந்தால் 13 புள்ளி. பதிமூன்று புள்ளியை வைத்துக்கொண்டு ஏலம் கேட்காமல் பாஸ் சொல்கிற மனிதரா கர்னல் சார்? ஒருக்காலும் இல்லை. அப்படியானால் ராணி டீச்சரிடம்.

டம்மியிலிருந்து சின்ன டைமனை இழுத்தேன். டீச்சர் சின்னதைப் போட்டார். என் ஜாக்கியை வைத்தேன். கர்னல் சார் கையிலிருந்து வந்தது நாலு. பிடி எனக்கு.

ஒரு மனிதர் கால் மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன ஒரே ஒரு "பாஸ்". அதற்குள் அவ்வளவு சேதி இருந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒன்பது வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை எனக்குள்ளேயே இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

பிரிட்ஜ் மூளைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரை ஜோ வர்கீஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்து, 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் 124 பேருக்கு டிமென்ஷியா வந்திருக்கிறது. படிப்பது, பலகை விளையாட்டும் சீட்டும் ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது போன்ற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து குறைவாக இருந்திருக்கிறது. கலிபோர்னியாவில் லகூனா வுட்ஸ் என்ற முதியோர் குடியிருப்பில் 90 வயது கடந்தவர்களைப் பற்றி கிளாடியா காவாஸ் என்ற மருத்துவர் 2003 முதல் ஆராய்ந்துவருகிறார். அந்த ஊரில் தொண்ணூறு வயதுக்காரர்கள் பிரிட்ஜ் மேசையில் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சியாம்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். சீட்டாடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்தவர்கள்தான் சீட்டாட உட்கார்ந்தார்களா? ஆராய்ச்சி செய்தவர்களே அந்த எச்சரிக்கையைச் சொல்கிறார்கள். ஆகவே, பிரிட்ஜ் ஆடினால் மறதி நோய் வராது என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என் மூக்குக்கண்ணாடியை நான் இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் திரும்பக் கிடைத்தது கவனம். இரண்டரை மணி நேரம் போனைத் தொடாமல், வேறு நினைப்பில்லாமல், ஒரே விஷயத்தில் மனம் நிற்கிறது. கணவர் போன பிறகு புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்ட முடியாதவளாக இருந்தேன். இப்போது முடிகிறது.

அதைவிடப் பெரியது இன்னொன்று.

டம்மி சீட்டை மலர்த்தி வைத்ததும், ஆடப்போகிறவர் "தேங்க்யூ பார்ட்னர்" என்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். வைத்த சீட்டு நல்லதோ, உதவாக்கரையோ, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லையோ, முதலில் அந்த நன்றி. ரயில்வே சார் ஒருமுறைகூட இதைத் தவறவிட்டதில்லை. நான் தப்பாகக் கேட்டு, அவரை எங்கோ கொண்டுபோய் மாட்டிவிட்ட நாட்களிலும், என் பரிதாபமான சீட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தேங்க்யூ பார்ட்னர்" என்பார். அப்புறம் மௌனமாக ஆடுவார். ஆட்டம் முடிந்த பிறகுதான் பேச்சு. வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. நானும் சொன்னதில்லை. என் கணவர் முப்பது வருடம் காலையில் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் போட்டு வைத்தார். ஒருநாள் ஸ்பேட் நாலு ஆடும்போது, ரயில்வே சாருக்கு "தேங்க்யூ பார்ட்னர்" என்று சொன்னவுடன் அந்த வெந்நீர் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் சீட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எங்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது. மதம் வேறு, அரசியல் வேறு, கர்னல் சாருக்கு அரசியல் பேசினால் குரல் ஏறும். வெளியே சந்தித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். மேசையில் ஒருவர் இன்னொருவரின் மனதுக்குள் போய் உட்கார வேண்டியிருக்கிறது. இவர் ஏன் இந்தச் சீட்டை இப்போது இறக்கினார்? என்னிடம் எதைக் கேட்கிறார்? எதை மறைக்கிறார்? புதனும் சனியுமாக வாரத்துக்கு ஐந்து மணி நேரம் இப்படி யோசித்தால், அந்த மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. பிறந்த ஊர், பிள்ளைகள் பெயரெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. அதற்கு முன்னாலேயே, ரயில்வே சார் இக்கட்டில் நிதானமாகிவிடுவார், டீச்சர் நல்ல சீட்டு வந்தால் அவசரப்படுவார், கர்னல் சார் தோற்கப்போகிற ஆட்டத்தைக் கடைசிச் சீட்டுவரை விடமாட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

அவர்களும் என்னை அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தார்கள். அதனால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2023 மே மாதம், அக்னி நட்சத்திரம். நான்கைந்து நாளாகவே ஒரு அசதி. வெயில் என்று விட்டுவிட்டேன். மகளிடம் வழக்கம்போல "நல்லா இருக்கேன்" சொல்லிவிட்டு, மேலே போய் உட்கார்ந்தேன். ரயில்வே சார் "ஒரு ஆட்டின்" என்று தொடங்கினார். என் முறை வந்ததும் "ஒரு கிளாவர்" என்றேன். ஏலத்தில் கீழே இறங்க முடியாது. கிளாவர் ஆட்டினுக்குக் கீழே. நாக்குப் பிசகு என்று சிரித்துவிட்டுத் திருத்தினார்கள். அடுத்த ஆட்டம். என்னிடம் 15 புள்ளி இருந்ததாம், நான் பாஸ் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

சீட்டு மலர்ந்ததும் ரயில்வே சார் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டார். "ஆபரேட்டரம்மா, நீங்க இப்படிக் கேக்கிற ஆள் இல்லையே" என்றார்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"சனி" என்றேன். அன்று புதன்.

ஐந்து நிமிடத்தில் கர்னல் சார் காரை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கும் 145க்கும் இடையில். பிரஷருக்காக நான் சாப்பிட்ட, நீர் பிரியவைக்கும் மாத்திரை, கோடை வியர்வையோடு சேர்ந்து உப்பை இறக்கிவிட்டிருக்கிறது. வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். முதலில் அசதி, அப்புறம் குழப்பம், கவனிக்காமல் விட்டால் வலிப்பு, நினைவிழப்பு. நான்கு நாள் உள்ளே இருந்தேன். தனியாக வீட்டில் இருந்திருந்தால் நான் படுத்துத் தூங்கியிருப்பேன். என் "நல்லா இருக்கேன்" டொராண்டோவரை போய் நம்பப்பட்டது. என் "பாஸ்" மேசையைத் தாண்டவில்லை.

மகள் போனில் அழுதாள். அண்ணன் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். டிஸ்சார்ஜ் ஆன சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, என் கூடவே மேலே வந்து, ஐந்தாவது ஆளாகக் கர்னல் சாருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிவரை வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது, "தாத்தா இருந்தா உன்னைத்தான் ஜோடியா சேர்த்திருப்பாரு" என்றார்.

பிறகு வெளியே கிளப்புக்கும் போய் ஆடிப் பார்த்தேன். அங்கே டூப்ளிகேட் முறை. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை, கலைக்காமல், பலகையில் செருகி அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். எல்லா மேசையிலும் அதே இடத்தில் உட்காருகிறவருக்கு அதே 13. அதே சீட்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். கெட்ட கை வந்தது என்று புலம்பவே முடியாது. அதே கெட்ட கையை இன்னொரு பெண்மணி எப்படி ஆடினார் என்பது பட்டியலில் இருக்கும். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வருவது 13 சீட்டு, ஒருவருக்கு வரக்கூடிய கைகளின் எண்ணிக்கை மட்டும் 63,501 கோடிக்கு மேல் என்று டீச்சர் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினார். இத்தனை கோடியில் ஒன்று என்னிடம் வருகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிளப்பில் என் வயதுக்காரர்கள்தான் அதிகம். அது எனக்குக் கவலையாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜை முதல்முறையாகச் சேர்த்தபோது ஆண்கள் இரட்டையரில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, அவருடைய ஜோடி ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அதே இந்திய அணியில் ரீட்டா சோக்சி 79 வயதில் ஆடினார். தேசியக் கொடி போட்ட சட்டையோடு 79 வயதுப் பெண்மணி. அந்தப் படத்தை டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

யாராவது கற்றுக்கொள்ள நினைத்தால், ஏலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். மினி பிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஏலமே கிடையாது. புள்ளியைச் சொல்லிவிட்டு நேராக ஆட்டம்தான். சீட்டு பிடிப்பது கைக்கு வந்த பிறகு மீதியைப் படிக்கலாம். கம்ப்யூட்டரிலும் ஆடலாம். ஊரடங்கில் டீச்சரும் மற்றவர்களும் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில்தான் ஆடிச் சமாளித்திருக்கிறார்கள். ஆனால் முடிந்தால் ஒரு மேசையைத் தேடுங்கள். அடுக்ககத்தில் நாலு பேரைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தரைத்தளத்தில் ஒரு பெரியவர் புதிதாக வந்திருக்கிறார். மனைவி போய் எட்டு மாதம். சாயங்காலம் கேட்டருகே தனியாக நின்று, வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் கர்னல் சார் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போகிறார், ஆறு வாரம். நேற்று அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சீட்டா, வேண்டாமே என்றார். நான் விடவில்லை, சும்மா உட்காருங்கள், வேடிக்கை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்று வருகிறாரா பார்க்கலாம்.

இன்று புதன்கிழமை. மணி மூன்று இருபத்தைந்து. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. இரண்டு போட்டாகிவிட்டது. சுண்டலுக்கு இன்னும் தேங்காய் துருவவில்லை, நான் போக வேண்டும்.